எலும்பு கழுவும் சனிக்கிழமை

என் கொழுந்தன் தாவிக்கு அமைச்சர் பதவி நிச்சயம் என்று தலைநகர் புக்கரெஸ்டிலிருந்து தகவல் வந்த அதே வாரத்தில்தான், என் மாமியார் பராஸ்கிவா தன் மூத்த மகனைக் குழியிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்.

மூத்த மகன் அங்கெல் என் கணவர். எண்பத்தொன்பது டிசம்பரில், ஊரே சதுக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்த நாட்களில், குண்டு பட்டு இறந்தவர். எங்கள் ஓல்டேனியாப் பக்கத்தில் புதைத்ததோடு ஒருவரை விட்டுவிட மாட்டோம். ஏழு வருடம் ஆனதும் எடுப்போம். எலும்பை ஒயினால் கழுவி, புது வெள்ளைத் துணியில் சுற்றி, பாதிரியார் ஜெபம் சொல்ல மறுபடி புதைப்போம். அதற்குப் பிறகுதான் போனவர் போனவராகக் கிடப்பார். அங்கெலுக்கு டிசம்பரோடு ஏழு முடிந்துவிட்டது. மண் இளகட்டும் என்று காத்திருந்த மாமியார், ஈஸ்டர் நோன்பு தொடங்கியதும் அலமாரியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து வெயிலில் போட்டார்.  

தாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுப் பெயர் ஒக்தாவியன் மெரிஷான். டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி காலை வரை அவன் எங்கள் சர்க்கரை ஆலையில் கம்யூனிஸ்ட் இளைஞர் சங்கச் செயலாளர். தலைவர் படத்தைத் துடைத்து மாட்டுவதே அவன் பொறுப்பில்தான் இருந்தது. அன்று மதியம் ஆட்சி கவிழ்ந்ததும், நடுவில் கம்யூனிஸ்ட் சின்னத்தை வெட்டி எடுத்த கொடியைப் பிடித்துக்கொண்டு நகராட்சி மாடத்தில் நின்று "விடுதலை! விடுதலை!" என்று கத்தினான். கீழே நின்ற ஜனம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. "தாவி! தாவி!" நானும்தான் கத்தினேன். வீட்டுக்குத் திரும்பியபோது எங்கள் யாருக்கும் குரல் இல்லை. அங்கெலுக்குக் காற்று மட்டும்தான் வந்தது. அதற்கே சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது எங்களுக்கு.

மறுநாள் சிரிப்பு நின்றது. பயங்கரவாதிகள் வருகிறார்கள், தண்ணீரில் விஷம் கலந்திருக்கிறார்கள், சாதாரண உடையில் நம்மோடு நடமாடுகிறார்கள் என்று தொலைக்காட்சி சொல்லிக்கொண்டே இருந்தது. ஆலைப் பையன்களுக்குத் துப்பாக்கி கொடுத்தார்கள். யாரைச் சுடுகிறோம் என்று தெரியாமலே ஊர் முழுக்கச் சுட்டார்கள். தாவி நகராட்சிக் கட்டடத்தை விட்டு வெளியே வரவில்லை. புதிய குழுவின் தலைவன் அல்லவா! வீட்டில் அப்போதுதான் பண்டிகைக்குப் பன்றி அடித்திருந்தோம். மாமியார் கறியை வறுத்து, ரொட்டியோடு பையில் வைத்து அங்கெலிடம் கொடுத்தார்.

"சின்னவன் அங்க பட்டினியா கெடப்பான். குடுத்துட்டு ஓடி வந்துரு."

அங்கெல் எனக்குக் கை காட்டிவிட்டுப் போனார். பேசத்தான் குரல் இல்லையே.

அடுத்த நாள் தாவி ஒரு பெட்டியோடு வந்தான். ஆணி அடித்து, மேலே கொடி போர்த்திய பெட்டி. அவன் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல இருந்தது. பயங்கரவாதிகள் சுட்டுவிட்டார்கள் என்றான். நான் மூடியைப் பிராண்டினேன். என் இரண்டு தோளையும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் அண்ணி. முகம் பார்க்கிற மாதிரி இல்ல. நீங்க பார்த்த முகத்தையே மனசுல வச்சுக்குங்க."

பெட்டியை மூடும் முன் நெற்றியில் கடைசி முத்தம் கொடுப்பது எங்கள் வழக்கம். நாங்கள் பலகைக்குக் கொடுத்தோம். மாமியாரின் உதட்டில் சிராய் குத்தி ரத்தம் வந்தது.

அதற்குப் பிறகு தாவிக்கு ஏறுமுகம்தான். முதலில் மேயர். பிறகு நாடாளுமன்ற உறுப்பினர். கோட்டைத் திருப்பிப் போடுவதுபோல இரண்டு தடவை கட்சி மாறினான். ஆட்சி மாறியபோதும் ஜெயித்த பக்கத்தில் இருந்தான். எல்லாத் தேர்தலிலும் அவனுக்கு இருந்த ஒரே சொத்து அங்கெல். எங்கள் தெருவுக்கு அங்கெல் பெயர். கல்லறைக்குப் பளிங்கு. ஒவ்வொரு டிசம்பரிலும் அங்கே நின்று பேசுவான். முதல் வருடம், அண்ணனைத் தெருவில் சுட்டார்கள் என்றான். மூன்றாம் வருடம் அண்ணன் என் மடியில் உயிரை விட்டான் என்றான். போன டிசம்பரில், எனக்கு வந்த குண்டை அவன் வாங்கிக்கொண்டான் என்று சொல்லி அழுதான். கேமராக்காரர்களும் மூக்கை உறிஞ்சினார்கள்.

பேச்சு முடிந்ததும் மாமியார் அங்கெல் பெயரில் பிச்சை கொடுப்பார்: ரொட்டி, மெழுகுவத்தி, ஒரு துண்டு. வாங்குகிறவர் "ஆண்டவர் மன்னிப்பாராக" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கொடுத்தது செத்தவருக்குப் போய்ச் சேரும். சொல்லாவிட்டால் நடுவழியில் நிற்கும். பிச்சையாக வாங்கியதைத் தூக்கி எறியவும் கூடாது. இதெல்லாம் எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தாவி முதல் ஆளாகக் கையை நீட்டி, சதுக்கத்துக்கே கேட்கிற குரலில் "ஆண்டவர் மன்னிப்பாராக!" என்பான். என்ன குரல்!

அப்படிப்பட்டவன், அம்மா வெள்ளைத் துணியை வெயிலில் போட்ட செய்தி கேட்டு, ஆரஞ்சும் கேக்குமாக அன்றைக்கே வந்து நின்றான்.

"அம்மா, அது நினைவுச்சின்னம்மா. கொடி ஏத்துற இடம். அதப் போய்த் தோண்டுறேங்கிறியே."

"பளிங்கு உன்னுது. அதுக்குக் கீழ இருக்கிறது என்னுது."

"இந்தக் காலத்துல யாரும்மா எலும்பக் கழுவுறாங்க? பத்திரிகைக்காரனுக்குத் தெரிஞ்சா, அமைச்சர் வீட்டுல இன்னும் பேய்க்குப் பயப்படுறாங்கன்னு எழுதுவான்."

"உங்கப்பன எடுத்தப்போ பக்கத்துல நின்னு ஒயின் ஊத்தினவன் நீ. அப்ப எந்தப் பத்திரிகைக்காரன் வந்தான்?"

தாவி காப்பிக் கோப்பையை எடுத்தான்.  குடிக்காமலே கீழே வைத்துவிட்டான்.  

"சரி, ஒண்ணு பண்ணலாம். தலைநகர்ல வீரர்கள் கல்லறை இருக்கு. அண்ணனை அங்க கொண்டு போயிருவோம். ராணுவ பேண்டு, பீரங்கி மரியாதை, எல்லாம் நான் பேசிட்டேன். பெட்டியோட அப்படியே ஈயப் பெட்டிக்குள்ள வச்சு..."

"அத எப்பத் தெறப்பாங்க?"

"தெறக்க மாட்டாங்கம்மா. முத்திரை போட்டுருவாங்க."

"அப்ப வேணாம்."

மாமியார் எழுந்து போய்த் துணியைத் திருப்பிப் போட்டார். தாவி என்னைக் கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணி, அம்மாவுக்கு வயசாயிருச்சு. நீங்க சொன்னா கேப்பாங்க. ரெண்டு பொம்பளைங்க தனியா இருக்கீங்க. ஊரு கெட்டுக் கெடக்கு."

"என்னையே பயமுறுத்துறியா தம்பி?"

"நான்தான் அண்ணி பயப்படுறேன்."

எங்களுக்காகப் பயப்படுகிறான் என்று அந்த நிமிடம் நினைத்தேன். எனக்கு அப்போது மூளை இருந்த லட்சணம் அது.

அன்று சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. வைத்துவிட்டேன். மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும். மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம், தூரத்தில் அடிக்கும் மணி கேட்காது. நான்தான் அடுப்பை விட்டு ஓடிப்போய் எடுப்பேன், கை மாவோடு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன். எடுக்காமல் விட்டுப் பார்த்தேன், விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. முந்தைய ஆட்சியில் இப்படித்தான் செய்வார்கள். ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நாம் என்னென்ன செய்தோம் என்று நாமே யோசித்துச் செத்துக்கொண்டிருப்போம்.

பிறகு கேட்டுக்கு எதிரே ஒரு வெள்ளை டாசியா கார் நிற்க ஆரம்பித்தது. உள்ளே இரண்டு பேர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு இருப்பார்கள். நான் தையல் ஆலைக்குப் போகும்போது பின்னாலேயே வரும். திரும்பும்போதும் வரும். அவர்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை, கண்ணைக்கூட உருட்டியதில்லை. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் விதைத் தோல் எங்கள் வாசற்படியில் கிடந்தது. கேட்டுக்கு உள்பக்கம். நான் பூட்டிய கேட்டுக்கு உள்பக்கம். துடைப்பத்தை எடுத்தேன், பெருக்க முடியவில்லை. அதைப் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அத்தை, விட்டுருவோம்," என்றேன் அன்றைக்கு. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதுகொண்டே சொன்னேன். "அவரு எங்க போயிருவாரு? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

மாமியார் கோதுமையைப் புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நிற்கவில்லை.

"அவன் கனவுல வர்றான்டி சபீனா. வாசல்ல நிக்கிறான். உள்ள வாடாங்கிறேன். கதவத் தெறக்க மாட்டேங்கிறான். கையில்லாதவன் மாதிரி தோளால இடிக்கிறான்."

 நான் அதற்கப்புறம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் பயம் இரண்டாகிவிட்டது. வெளியே காரில் இருப்பவர்களுக்குப் பயந்தேன். உள்ளே பெட்டியில் இருப்பதற்கும் பயந்தேன். எதற்காக இவன் இவ்வளவு பாடுபடுகிறான்? பெட்டிக்குள் அங்கெலே இல்லையோ? கல்லை வைத்து ஆணி அடித்தானோ? யாரோ ஒருவரைப் புருஷன் என்று நம்பி ஏழு வருடம் மெழுகுவத்தி ஏற்றினேனோ? எனக்கு வேண்டியது ஒன்றுதான். அங்கே படுத்திருப்பது என் மனுஷன்தானா, அவருக்கு என்ன ஆயிற்று. அதைத் தெரிந்துகொள்ளாமல் சாகக் கூடாது என்று இருந்தது.

குழி வெட்டுகிற ஸ்தாங்குவிடம் சொல்லி வைத்திருந்தோம். அடுத்த வாரம் அவன் கையில் மாவுக்கட்டோடு வந்தான்.

"ஏணியில இருந்து விழுந்துட்டேன்க்கா," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

"உங்க வீட்டுல ஏணி ஏதுய்யா?" என்று கேட்டேன்.

 கூட வந்த அவன் பெண்டாட்டிதான் சொன்னாள். "கையி அவருக்குத்தானக்கா போச்சு. எனக்கு ரெண்டும் இருக்குல்ல. நான் வெட்டுறேன்." அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

கெரசிம் பாதிரியாரோ ஈஸ்டர் போகட்டும் என்றார். தாவி கோயிலுக்குப் புதுத் தகரக் கூரை போட்டுக் கொடுத்திருந்தான், பாவம் அவர் அதற்குக் கீழே நின்றுதானே பூசை செய்ய வேண்டும். என் மாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசை நடுவில் எழுந்து நின்றார்.

"சாமி, சனிக்கிழமை காலைல நான் தோண்டுறேன். நீங்க வந்தா நீங்க ஜெபம் சொல்லுங்க. வரலேன்னா நானே எனக்குத் தெரிஞ்சத சொல்லிக்கிறேன். தப்பா சொன்னா பாவம் உங்களுக்கு."

கோயிலில் இரண்டு பொம்பளைகள் சிரித்துவிட்டார்கள். பாதிரியார் வருவதாகத் தலையாட்டினார்.

சனிக்கிழமை காலை பனி விலகாத வெளிச்சத்தில் போனோம். மாமியார் ஒயின் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பித்தளைத் தொட்டியும் துணியும் எடுத்துக்கொண்டேன். வெள்ளை டாசியா எங்கள் நடைக்குத் தகுந்த மாதிரி பின்னால் ஊர்ந்து வந்தது. என் பிடரி கூசிக்கொண்டே இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் கோயில் பொம்பளைகள் நாலைந்து பேர் மெழுகுவத்தியோடு வேலி ஓரம் நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இத்தனை பேர் முன்னால் எங்களை என்ன செய்துவிட முடியும்?

பளிங்கைக் கடப்பாரையால் நெம்பினார்கள். சொன்னபடி வந்திருந்த பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கினார், ஸ்தாங்குவின் பெண்டாட்டி குழிக்குள் இறங்கினாள். மண் ஏறி ஏறி வந்தது. பலகை உளுத்துப்போயிருந்தது, மண்வெட்டி பட்டதும் உதிர்ந்தது.

அப்போதுதான் கறுப்புக் கார் வந்து நின்றது. தாவி இறங்கி ஓடி வந்தான். கறுப்பு மேலங்கி, பளபளக்கும் காலணி, பாதி சவரம் செய்த முகம். தலைநகரிலிருந்து இரவோடு இரவாக வந்திருக்க வேண்டும். டாசியாக்காரர்கள் இரண்டு பேரும் அவன் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஒருவன் கேட்டான், "நிறுத்தச் சொல்லட்டுங்களா சார்?" தாவி வேலி ஓரம் நின்ற பொம்பளைகளைப் பார்த்தான். அத்தனையும் ஓட்டு. வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு எங்களிடம் தனியாக வந்தான்.

முதலில் எடுப்பது தலையைத்தான். குழிக்குள்ளிருந்து இரண்டு கையால் ஏந்தி மேலே நீட்டினாள். மாமியார் வாங்கி, முன்றானைத் துணியால் மண்ணைத் துடைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு திறந்தேன்.

முழுசாக இருந்தது. நெற்றி, கன்னம், தாடை, எல்லாம். ஒரு கீறல் கிடையாது. மேல் வரிசையில் இரும்புப் பல் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஆலைப் பல் வைத்தியர் கட்டியது. சிரித்தால் தெரிகிறது என்று அங்கெல் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாரே, அந்தப் பல்.

என் மனுஷன்தான். எனக்கு அழுகையும் வரவில்லை. முகம் இல்லை என்றானே? பார்க்கிற மாதிரி இல்லை என்று என் தோளைப் பிடித்துக்கொண்டானே?

மாமியார் அந்த நெற்றியில் முத்தம் கொடுத்தார். ஏழு வருடம் கழித்து. பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"முகம் இல்லேன்னியே தாவி."

"அம்மா... போதும்மா. பாத்தாச்சுல்ல. மூடச் சொல்லு."

குழிக்குள் ஸ்தாங்குவின் பெண்டாட்டி அடுத்த எலும்புக்குக் குனிந்தாள். தாவி பாய்ந்து குழி ஓரத்துக்கு வந்தான்.

"கையத் தொடாத! ஏய், கையத் தொடாதங்கிறேன்!"

எல்லோரும் அவனைப் பார்த்தோம். குழிக்குள் இருந்தவளும் நிமிர்ந்து பார்த்தாள். அவள் இன்னும் கை இருந்த இடத்தைக் கிளறவே இல்லை. மண்தான் மூடியிருந்தது. மாமியார் அவளுக்குத் தலையை அசைத்தார். அவள் விரலால் மண்ணை ஒதுக்கினாள்.  பிறகு, "ஐயோ ஆண்டவரே," என்றாள்.

இரண்டு கை எலும்பும் ஒன்றாகக் கிடந்தன. சுற்றிலும் கம்பி. தொலைபேசிக்கு இழுப்பார்களே, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய கம்பி, அது. சட்டை மக்கிவிட்டது, சதை மக்கிவிட்டது, கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. நேற்றுச் சுற்றியது மாதிரி இருந்தது.

பாதிரியார் ஜெபத்தை நிறுத்திவிட்டார்.  கனவில் தோளால் கதவை இடித்தது எதற்கு என்று புரிந்தது.

"யாருடா கட்டினது?" மாமியாரின் குரல் மெதுவாகத்தான் வந்தது. வேலி ஓரத்துப் பொம்பளைகளுக்குக் கேட்டிருக்காது.

"பயங்கரவாதிங்கம்மா..."

"தாவி."

அவன் ஈர மண்ணில் முழங்கால் போட்டான். விலை உயர்ந்த மேலங்கி சேற்றில் புரண்டது.

"பசங்கதாம்மா. நம்ம ஆலைப் பசங்க. இருட்டு. பின்பக்கச் சுவர் வழியா ஒருத்தன் பையோட வர்றான்னாங்க. பையில குண்டுன்னாங்க. புடிச்சுக் கட்டிட்டு மேல எனக்குக் குரல் குடுத்தாங்க, என்ன பண்றதுன்னு."

"பையில ரொட்டியும் கறியும்டா. நான் வச்சேன்."

"தெரியாதும்மா. நான் எட்டிக்கூடப் பாக்கல. சன்னல் பக்கம் போனா சுட்டுருவாங்களோன்னு பயம். மேசைக்கு அடியில உக்காந்திருந்தேன். அங்க இருந்தே சொன்னேன்."

"என்ன சொன்ன?"

அவன் குழியைப் பார்த்தபடி சொன்னான்.

"முடிச்சிருங்கன்னு."

 நான்தான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அவரு ஒண்ணுமே சொல்லலையா? உன் அண்ணன்டா! கத்தலையா?"

"எம்பேரத்தான் அண்ணி சொன்னான். 'தாவி, தாவி'ன்னு. தொண்டையே இல்ல, கரகரன்னு... அன்னைக்கு ஊர்ல எல்லாருக்கும் என் பேர் தெரியும். எல்லாருக்கும் தொண்டை போயிருந்துச்சு. குரல் தெரியல அண்ணி. சத்தியமா தெரியல. கீழ போய் விளக்கு அடிச்சுப் பாத்தப்பதான்..." அவன் முகத்தை மூடிக்கொண்டான். "கம்பிய அவுக்க வரல. குளிர்ல கை விறைச்சுப் போச்சு, அவனுக்கும் எனக்கும். விடியறதுக்குள்ள ஆளுங்க வந்துருவாங்க. முகத்தக் காட்டினா கையப் பாப்பீங்க. அதான் ஆணி அடிச்சுட்டேன்."

அவனை அந்தக் குழிக்குள்ளேயே தள்ளி மண்ணைப் போட வேண்டும் என்று எனக்கு இருந்தது. அந்தக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சதுக்கம் வரை ஓட வேண்டும், எல்லோரிடமும் காட்ட வேண்டும் என்று இருந்தது. மாமியார் என்னைப் பார்த்தார். பிறகு அவனிடம் சொன்னார்.

"எறங்கு. அவுத்து விடு."

"அம்மா..."

"கட்டுனபடியே கெடந்தான் என் புள்ள. அவுத்து விடு."

அவன் இறங்கினான். அவ்வளவு சின்ன எலும்புகள், ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கம்பியைப் பிரிக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. நகம் கிழிந்தது. மாமியார் அவசரப்படுத்தவில்லை. மேலே ஒவ்வொரு எலும்பாக வாங்கி, தொட்டியில் ஒயின் ஊற்றிக் கழுவினார், பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல மெதுவாக. விரல்களை இடுக்கு இடுக்காகத் தேய்த்தார். வெள்ளைத் துணியில் அடுக்கிச் சுற்றினோம். பாதிரியார் திணறித் திணறி ஜெபத்தை முடித்தார். மண் போட்டார்கள்.

பிச்சை கொடுக்கும் நேரம் வந்தது. ஸ்தாங்குவுக்குத் துண்டும் ரொட்டியும். அவன் பெண்டாட்டிக்கு ஒரு பாவாடைத் துணி. பொம்பளைகளுக்கு மெழுகுவத்தி. எல்லோரும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். கடைசியில் மாமியார் ஒரு புதுத் துண்டை விரித்தார். அதில் ஒரு ரொட்டி வைத்தார். மெழுகுவத்தி வைத்தார். பிறகு அந்தக் கம்பியை எடுத்து, ஒயினில் அலசி, சுருட்டி ரொட்டியின் மேல் வைத்து மூட்டையாகக் கட்டினார்.

"அத்தை, வேணாம்!" நான் அவர் கையைப் பிடித்தேன். "அது ஒண்ணுதான் சாட்சி. அதைக் குடுத்துட்டா நம்மகிட்ட என்ன இருக்கு?"

என் கையை விலக்கிவிட்டு, மூட்டையைத் தாவியிடம் நீட்டினார்.

"அங்கெல் பேருல. வாங்கிக்க."

வேலி ஓரத்துப் பொம்பளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க முடியுமா? இறந்தவர் பெயரில் கொடுப்பதை மறுப்பவன் மனுஷனே இல்லை. சேறு படிந்த இரண்டு கையையும் நீட்டி வாங்கினான். 'ஆண்டவர் மன்னிப்பாராக' என்று சொல்வானா என எல்லோரும் அவன் வாயைப் பார்த்தோம். ஒவ்வொரு டிசம்பரிலும் சதுக்கத்துக்கே கேட்குமே அந்தக் குரல்! உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. காற்று மட்டும்தான் வந்தது. அப்படியே திரும்பிக் காருக்கு நடந்தான்.

அவன் அமைச்சரானான். ஆகமாட்டான் என்று நினைத்தீர்களா? பாதிரியார் வாயைத் திறக்கவில்லை. ஸ்தாங்குவும் பெண்டாட்டியும் ஊரை விட்டு அவள் அக்கா வீட்டோடு போய்விட்டார்கள். நான் சொன்னால், புருஷனை இழந்தவள் புத்தி பேதலித்துப் பேசுகிறாள் என்பார்கள். பதவி ஏற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். வலது கையை வேதத்தின் மேல் வைத்திருந்தான். இடது கை மேலங்கிப் பைக்குள் இருந்தது, ஏதோ ஒன்றைப் பிடித்திருப்பதுபோல முஷ்டியாக. மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பையை மட்டும் பார்த்தார்.

வெள்ளை டாசியா போய்விட்டது. ஆனால் என் பயம் போகவில்லை. கேட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துத்தான் பூட்டுகிறேன், காலையில் படியில் விதைத் தோல் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கால் வைக்கிறேன். எங்களைப் பிடிக்க அவனுக்கு இனி ஒரு காரணமும் வேண்டாம், ஒரு சொல் போதும். அவன் சொல்லால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்றே.

தொலைபேசி மட்டும் நிற்கவில்லை. அதே விளக்கேற்றும் நேரம். அதே மூச்சு. பதவி ஏற்றதற்குப் பிறகு முதல் தடவை அடித்தபோது நான் ரிசீவரை எடுத்து, உறைந்துபோய் நின்றேன். மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். என் கையிலிருந்து வாங்கி, மந்தமான காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார், அவருக்கு என்ன கேட்டதோ.

"இன்னும் சொல்லலையாடா?" என்றார்.

மூச்சு திணறுவது எனக்கே கேட்டது. ரிசீவரை வைத்துவிட்டு, அடுப்பில் கோதுமை தீய்கிறது பார் என்றார்.

இப்போது மணி அடித்தால் நான் எடுப்பதில்லை. ஜாடை காட்டுகிறேன், அவர்தான் எடுக்கிறார். தினமும் அதே கேள்விதான். தினமும் மறுமுனையில் பதில் இல்லை. நான் அடுப்படியில் நின்று, ஆண்டவரே, அவன் இன்றைக்காவது அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லித் தொலைக்கட்டும் என்று நினைக்கிறேன். சொல்லவே கூடாது, அந்தக் கம்பி அவன் கையிலேயே கிடக்கட்டும் என்றும் நினைக்கிறேன்.